பிளாக் அண்ட் ஒயிட்டில் ‘பழைய லுக்’ வேணுமா? ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க

ஒரே லென்ஸ், ஒரே வடிவமைப்பு. ஆனால் இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்றில் கண்ணாடிகள் மேல் பல அடுக்கு கோட்டிங். இன்னொன்றில் ஒரே அடுக்கு. தொழில்நுட்பப்படி இரண்டாவது ஒரு படி பின்தங்கியதுதான். ஆனா அதையே தேடித் தேடி வாங்கும் ஒரு கூட்டம் இருக்கு. அவர்கள் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பவர்கள்.

ஜப்பானின் கோசினா நிறுவனம் ‘ஃபோக்ட்லெண்டர்’ என்ற பெயரில் தயாரிக்கும் நோக்டன் கிளாசிக் லென்ஸ்களைப் பற்றித்தான் சொல்கிறோம். 35 எம்எம், 40 எம்எம் இரண்டிலும் ‘எம்சி’, ‘எஸ்சி’ என்று இரண்டு வகை உண்டு. எம்சி என்றால் மல்ட்டி கோட்டிங், எஸ்சி என்றால் சிங்கிள் கோட்டிங். பின்தங்கிய ஒன்றை வேண்டுமென்றே ஏன் தயாரிக்கணும்? அதை வாங்கினால் நிஜமாகவே படத்தில் ‘அந்தக் காலத்து’ அழகு வந்துவிடுமா? இல்லை, காசுதான் போகுமா?

ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

சிம்பிளா சொல்லணும்னா, லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனியாக உள்ள ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கும் கேமரா. அந்த ஜன்னலின் நடுவில் ஒரு சிறு கட்டம் தெரியும். அதில் எதிரே இருப்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து, ஒன்றோடு ஒன்று சரியாகப் படிந்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம்.

1925இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அறிமுகமான லைக்காவில் இந்த வசதி கிடையாது. 1932இல் வந்த இரண்டாவது லைக்காவில்தான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள்ளேயே வந்தது. அதே ஆண்டு போட்டிக்கு ஸைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸை இறக்கியது. 1954இல் லைக்கா எம்3 வந்தது. திருகி மாட்டும் பழைய முறை போய், சட்டென்று மாட்டிக் கழற்றும் ‘எம் மவுண்ட்’ வந்தது. இன்று வரை அந்த மவுண்ட் மாறவில்லை. 1954இல் வாங்கிய லென்ஸை இந்த வருஷ லைக்காவில் மாட்டலாம். செல்போன் சார்ஜருக்கே இரண்டு வருஷம் உத்தரவாதம் இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம்.

எஸ்எல்ஆர் போல ஏறி இறங்கும் கண்ணாடி இல்லாததால், இந்த லென்ஸ்கள் கைக்கு அடக்கமாகச் சின்னதாக இருக்கும். தெருவில் நின்று எடுத்தாலும் யாரும் மிரள மாட்டார்கள்.

‘பழைய லுக்’ எங்கிருந்து வருது?

இதுதான் விஷயமே. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒன்றில் ஒளி படும்போது சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் பல கண்ணாடித் துண்டுகள் இருக்கும். அவற்றில் காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் இதே கதை. காற்றைத் தொடும் பரப்புகள் 6 என்றால், வந்த ஒளியில் சுமார் 78 சதவீதம்தான் போய்ச் சேரும். 12 பரப்புகள் என்றால் சுமார் 61 சதவீதம்.

இழந்த ஒளி அப்படியே போய்த் தொலைந்தால்கூடப் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அங்கும் இங்கும் மோதி, கடைசியில் ஃபிலிம் மேல் மெல்லிய வெண்புகை மாதிரி விழும். வெளிச்சமான இடத்தில் அந்தப் புகை தெரியாது. இருட்டான இடத்தில் தெரியும். கரிக்கறுப்பு சாம்பல் ஆகும். கான்ட்ராஸ்ட் குறையும்.

கலர் படத்தில் இது அழுக்கு மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையில் இதுவே வரமாகலாம். நடுப்பகல் வெயில், வெள்ளை வேட்டி, கறுத்த முகம் என்று ஒரு ஃபிரேமை நினைத்துப் பாருங்கள். வேட்டியின் மடிப்பும் தெரியணும், முகத்தின் சுருக்கமும் தெரியணும். கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள லென்ஸில் ஃபிலிம் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றும். கான்ட்ராஸ்ட் குறைந்த லென்ஸில் நிழல் பகுதி கொஞ்சம் மேலே தூக்கப்படுவதால், அங்கே இருப்பதும் ஃபிலிமில் பதிய வாய்ப்பு கூடும். தமிழில் போட்டோவுக்கு ‘நிழற்படம்’ என்றும் ஒரு பெயர் உண்டு இல்லையா? இந்த லென்ஸ்கள் செய்வது அந்தச் சொல்லுக்குத்தான் பொருத்தம்.

ஆனா ஒண்ணு. ‘பழசு என்றாலே கான்ட்ராஸ்ட் கம்மி’ என்று நினைத்தால் அது தப்பு. ஸைஸில் லுட்விக் பெர்டெலே 1930களின் தொடக்கத்தில் வடிவமைத்த சோனார் லென்ஸில் ஆறேழு கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே குழுக்களாக ஆக்கினார். காற்றைத் தொடும் பரப்பு ஆறுதான். அதனால் கோட்டிங் பரவாத காலத்திலேயே சோனார் படங்கள் பளிச்சென்று இருந்தன. அதே காலத்து லைக்கா சம்மார் நான்கு குழு, எட்டுப் பரப்பு. அது மங்கல். கோட்டிங் தொழில்நுட்பத்தை ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்டுபிடித்தது 1935இல். அது எல்லா லென்ஸுக்கும் வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

அடுத்தது, ‘க்ளோ’ என்று சொல்கிறார்களே, அது. லென்ஸின் நடுவில் வரும் ஒளியும் ஓரத்தில் வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராமல் முன்பின் ஆவதால் வருவது. அபெர்ச்சரை முழுசாகத் திறந்து எடுத்தால், கூர்மையான கோடு ஒன்று இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டமும் இருக்கும். இரண்டு ஸ்டாப் மூடினால் அது மறைந்துவிடும். ஒரே லென்ஸில் இரண்டு குணம்.

கோட்டிங்கா, வடிவமைப்பா? எதுக்குக் காசு கொடுக்கணும்?

எங்கள் கருத்து தெளிவானது: டிஜிட்டலில் எடுப்பவர்கள் கான்ட்ராஸ்ட் குறைவுக்காக மட்டும் லென்ஸ் வாங்க வேண்டாம். ரா ஃபைலில் கான்ட்ராஸ்டை ஸ்லைடரை இழுத்தே குறைக்கலாம். ஃபோகஸுக்கு வெளியே உள்ள பகுதி எப்படிக் கரைகிறது, கூர்மைக்கும் மங்கலுக்கும் நடுவே உள்ள மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது, அந்த ஒளிவட்டம் எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் ஸ்லைடரால் சரியாகக் கொண்டுவர முடியாது. கொடுக்கும் காசு அதற்குப் போகட்டும்.

எம்சி, எஸ்சி வித்தியாசமும் விளம்பரத்தில் சொல்கிற அளவு கிடையாது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால், எது எஸ்சி என்று சொல்வதே சிரமம். சூரியனோ, ஜன்னலோ ஃபிரேமுக்குள் வரும்போதுதான் எஸ்சி தன் குணத்தைக் காட்டும். முன்னாடி ஹூட் மாட்டிவிட்டால் அதுவும் பாதி போச்சு. கோட்டிங் குறைந்த லென்ஸைத் தேடி வாங்கிவிட்டு, அதுக்கு நல்ல ஹூட் எங்கே கிடைக்கும் என்று அலைபவர்களும் இருக்கிறார்கள்!

கலர் விஷயத்தில் பழைய லென்ஸின் ஒரு பெரிய குறை கறுப்பு வெள்ளையில் காணாமல் போகும். கிளைகளின் ஓரத்தில் ஊதா, பச்சைக் கோடு விழுவது சாம்பலாகி, கொஞ்சம் மென்மையாக மட்டுமே தெரியும். வைடு லென்ஸ்களில் மூலைகளில் நிறம் ஏறுவதும் அப்படித்தான். கலரில் ஒதுக்கித் தள்ளும் லென்ஸ் இதில் நன்றாகவே வேலை செய்யலாம்.

50ஆ, 35ஆ?

இந்த வகை போட்டோகிராபி என்றதும் முதலில் வரும் பெயர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். லைக்காவும் 50 எம்எம் லென்ஸும்தான் அவருடைய பெரும்பாலான படங்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவரும் இவரே. ஃபிளாஷ் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. இருக்கிற வெளிச்சம்தான்.

முகங்கள் எடுக்க 50 நல்லது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் பலதும் 1 மீட்டருக்கு மேல் நெருங்காது. 50 எம்எம்மில் அந்த தூரத்தில் ஃபிரேமுக்குள் வருவது சுமார் 65 செ.மீ.க்கு 43 செ.மீ. பரப்பு. தலையும் தோளும் வரும், கண் மட்டும் வராது. புதிய லென்ஸ்கள் பல 0.7 மீட்டர் வரை போகும். எஃப்/1.5இல் 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் 3 செ.மீ. சொச்சம்தான். மூக்கு கிடைத்தால் காது கிடைக்காது.

தெரு, சந்தை, வீட்டுக்குள் என்றால் 35. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் மாட்டப்போகிறீர்களா? அதில் 35 எம்எம், சுமார் 52 எம்எம் போலத் தெரியும். அப்போ 35 வாங்கினாலே 50 வேலை நடந்துவிடும்.

கையில் உள்ள கேமராவில் மாட்டுமா?

லைக்கா வேண்டும் என்று அவசியமே இல்லை. மிரர்லெஸ் கேமரா இருந்தால் போதும். எம் மவுண்ட் லென்ஸ் சென்சாரிலிருந்து 27.8 எம்எம் தள்ளி நிற்கணும். சோனி இ மவுண்டில் அந்த தூரம் 18, நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்எஃப்பில் 20. மிச்ச இடத்தை ஒரு அடாப்டர் நிரப்பிவிடும். பழைய டிஎஸ்எல்ஆரில் நடக்காது. நிக்கான் எஃப் மவுண்டில் அந்த தூரம் 46.5 எம்எம். லென்ஸைக் கேமராவுக்குள்ளேயே அமுக்கினால்தான் உண்டு.

திருகு மவுண்ட் லென்ஸின் குறுக்களவு 39 எம்எம். 1 எம்எம் தடிமன் உள்ள ஒரு வளையம் போட்டால் அது எம் மவுண்ட் ஆகிவிடும். மாட்டியும் கேமரா கிளிக் ஆகவில்லையா? மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் எடு’ என்ற பொருளில் ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணுங்கள்.

மிரர்லெஸ்ஸில் இரண்டு எச்சரிக்கை. எல்மார் மாதிரி உள்ளே மடங்கும் லென்ஸ்களைக் கேமராவில் மாட்டியபடி உள்ளே தள்ளாதீர்கள், சென்சார் பக்கம் இடிக்கலாம். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஜூபிடர்-12 போன்ற 35 எம்எம் லென்ஸ்கள் சில கேமராக்களுக்குள் போகவே போகாது. சென்சார் முன்னால் உள்ள கண்ணாடியின் தடிமனால், வைடு லென்ஸ்களில் மூலைகள் குழைந்து போவதும் உண்டு. 50இல் இந்தத் தொல்லை குறைவு.

எந்த லென்ஸ்?

பட்ஜெட் கம்மி என்றால் முதலில் வருவது சோவியத் ஜூபிடர்-8. 50 எம்எம், எஃப்/2. போருக்குப் பிறகு ஸைஸின் கருவிகளும் கண்ணாடியும் இழப்பீடாக சோவியத் போயின. மாஸ்கோ பக்கத்தில் உள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோனார் மறுபிறவி எடுத்தது. வட்டமாகக் கரையும் பின்னணி, அளவான கான்ட்ராஸ்ட், முகத்துக்கு மென்மை. பெரும்பாலான சோவியத் லென்ஸில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. 70 என்று தொடங்கினால் 1970.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சோவியத் ஆலைகள் கான்டாக்ஸ் கணக்கில் லென்ஸ் செய்தன, லைக்காவின் கணக்கு வேறு. அதனால் லைக்காவில் மாட்டி, அபெர்ச்சரைத் திறந்து, கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் தவறும். மிரர்லெஸ்ஸில் திரையில் பார்த்து ஃபோகஸ் பண்ணுவதால் பிரச்சினை இல்லை. வாங்கும்போது ‘ஜூபிடர்-8எம்’ என்று இருந்தால் நில்லுங்கள். அது கியெவ் கேமராவின் கான்டாக்ஸ் மவுண்ட். 39 எம்எம் வளையத்தில் உட்காராது.

இண்டஸ்டார்-61 இன்னும் எளிமையான லென்ஸ். 55 எம்எம், எஃப்/2.8. கூர்மை நன்றாக இருக்கும். ஆனா ‘பழைய லுக்’ தேடுபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நடுத்தர பட்ஜெட்டில் ஜப்பான் பக்கம் போகலாம். 1950இல் ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் கொரியப் போரை நிக்கோர் லென்ஸ்களால் எடுத்த பிறகுதான் மேற்கு நாடுகள் ஜப்பான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தன. அந்தக் காலத்து நிக்கோர் 50 லென்ஸ்களும் சோனார் வழி வந்தவை. கேனனின் திருகு மவுண்ட் 50 எம்எம் எஃப்/1.4க்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஜப்பான் சம்மிலக்ஸ்’. எஃப்/1.8 அதைவிட மலிவு. ஆனால் அதன் அபெர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடி பனி மூடியது போல மங்குவது பேர்போன வியாதி. சிலதில் துடைத்தாலும் போகாது, கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கும்.

புதுசாகவே வேண்டும், பில் வேண்டும் என்பவர்களுக்கு நோக்டன் கிளாசிக் 35 நல்ல தேர்வு. முதல் பதிப்பில் அபெர்ச்சர் மாற்றும்போது ஃபோகஸ் நகர்வது பெரிய புகார். 2019இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் குறைத்திருக்கிறார்கள். இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஸைஸின் இன்றைய சி சோனார் 50 எஃப்/1.5க்கும் இதே குணம் உண்டு. சிலது எஃப்/1.5க்கும் சிலது எஃப்/2.8க்கும் பொருத்தப்பட்டு வந்தவை. பழையதாக வாங்கினால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலில் எல்லாம் சரியாகப் படிந்திருக்கும், படம் வந்த பிறகுதான் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக இருப்பது தெரியும்.

லைக்கா? 1950களின் சம்மிக்ரான் 50க்கு நிகராகக் கறுப்பு வெள்ளையில் சாம்பல் படிகளைப் பிரித்துக் காட்டும் லென்ஸ்கள் குறைவு. ஆரம்பத்தில் வந்த மடங்கும் சம்மிக்ரான் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது காலப்போக்கில் மஞ்சளாகும். கறுப்பு வெள்ளைக்கு இலவசமாக ஒரு மஞ்சள் ஃபில்டர்! க்ளோ வேண்டும் என்பவர்களுக்கு 1949இல் வந்த சம்மாரிட் எஃப்/1.5. 1935இல் வந்த தம்பார் (பெயர்தான் நம்மூர் மாதிரி, ஊர் ஜெர்மனி) 90 எம்எம் மென்மைக்காகவே செய்யப்பட்டது. 2017இல் லைக்கா அதை மறுபடி வெளியிட்டது. விலையைப் பார்த்தால் நமக்கே கண் மென்மையாகிவிடும்.

போலி லைக்கா ஜாக்கிரதை

சோவியத் ஃபெட், ஸோர்கி கேமராக்கள் மேல் லைக்கா முத்திரையும் ஜெர்மன் சின்னங்களும் அடித்து, தங்க முலாம் பூசி விற்பது பல வருஷமாக நடக்கிறது. கூடவே ‘எல்மார்’ என்று பெயர் வெட்டிய ஒரு லென்ஸும் வரும். அது பெரும்பாலும் இண்டஸ்டார். கண்டுபிடிக்க ஒரு வழி: அசல் எல்மார் 50 எஃப்/3.5இல் அபெர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இண்டஸ்டாரில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால், இன்னும் உள்ளே தள்ளி இருக்கும். போட்டோவில் தெரியவில்லை என்றால் முன்பக்கத்தை நேராக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

டார்ச் அடிச்சுப் பாருங்க

ஆன்லைன் விற்பனையில் ‘நியர் மின்ட்’, ‘எக்ஸலன்ட் பிளஸ் 5’ என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது தர அளவுகோல் இல்லை, விற்பவரின் மனநிலை. தலைப்பை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விவரத்தைப் படியுங்கள். ‘லேசான மங்கல், படத்தைப் பாதிக்காது’ என்று அங்கேதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நேரில் வாங்கினால் அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இருந்தால் பூஞ்சை. முழுக்கப் பால் மாதிரி இருந்தால் மங்கல். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்திருக்கு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடலாம். தூசி நாலைந்து இருந்தால் கவலை வேண்டாம். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல்களும் அப்படித்தான், கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சம்மார், சம்மாரிட் மாதிரி மென்மையான முன்கண்ணாடி உள்ள லென்ஸ்களில் கீறல் இல்லாததைக் கண்டுபிடிப்பதே அரிது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வடிவமைப்பால் வரும் மென்மை வேறு, வியாதியால் வரும் மங்கல் வேறு. ‘பழைய லென்ஸ் இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி, மங்கிய லென்ஸைத் தலையில் கட்டிவிடுவார்கள். அபெர்ச்சரை எஃப்/5.6க்கு மூடி ஒரு படம் எடுங்கள். அப்போதும் புகை மூட்டமாகவே இருந்தால் அது ‘கேரக்டர்’ இல்லை, சர்வீஸ் செலவு.

ஃபில்டர் செலவையும் சேர்த்துக்கோங்க

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீல வானம் வெளிறிப் போகும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் ஒரு படி இருளும், மேகம் பிரிந்து தெரியும். வெளிச்சத்தில் சுமார் ஒரு ஸ்டாப் போகும். ஆரஞ்சு, பழுப்புத் தோலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, தழும்புகளைக் குறைத்துக் காட்டும். சிவப்பு வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கும், ஆனால் மூன்று ஸ்டாப் தின்றுவிடும். பழைய லென்ஸ்களின் ஃபில்டர் அளவு விநோதமானது. ஜூபிடர்-8க்கு 40.5 எம்எம், கேனன் 50 எஃப்/1.4க்கு 48 எம்எம். கடையில் எளிதில் கிடைக்காது. லென்ஸை ஆர்டர் பண்ணும்போதே ஃபில்டரையும் தேடிவையுங்கள்.

கலர் சென்சார் உள்ள டிஜிட்டலில் இந்த வேலையை எடிட்டிங்கில் பண்ணலாம். 2012இல் தொடங்கிய லைக்கா மோனோக்ரோம் வரிசை விதிவிலக்கு. சென்சாரில் நிற வடிகட்டியே கிடையாது என்பதால் நிஜ ஃபில்டர்தான் போட்டாகணும். அதில் வெளிச்சப் பகுதி ஒருமுறை வெளிறிவிட்டால் மீட்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும். பூஞ்சைக்கு ஈரமும் இருட்டும் போதும், கோட்டிங்கையே அது அரித்துவிடும். லென்ஸைத் தோல் பெட்டியில் வைத்து பீரோவில் பூட்டுவதைவிட மோசமான வழி இல்லை. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். ஜெல் நிறம் மாறியதும் எடுத்துச் சூடுபடுத்தி, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.